மான்ஹைம் முதல் மொடேனா வரை... ஏழு நாள் கார் ராலிக்கு ஒரு திட்டம்

'ராலி' என்றதும் பலருக்குப் புழுதி பறக்கும் காட்டுப்பாதையும், வளைவில் சறுக்கியபடி பாயும் காரும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்தச் சொல்லின் பொருள் ரொம்பவே சாது. 'ஒன்று கூடுதல்', அவ்வளவுதான். 1911 ஜனவரியில் முதல் மான்டே கார்லோ ராலி நடந்தபோது, 23 கார்கள் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து கிளம்பி, பனியில் உருண்டு, மொனாக்கோவில் வந்து கூடின. காரின் அழகு, பயணிகளின் சௌகரியம், வந்து சேர்ந்தபோது வண்டி இருந்த நிலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

அந்தப் பழைய பொருளில் ஒரு ராலியைத் திட்டமிடலாம் வாருங்கள். நான்கு குடும்பங்கள் என்றாலும் சரி, பத்து கார் நண்பர்கள் என்றாலும் சரி. ஜெர்மனியில் மான்ஹைமில் கிளம்பி, ஸ்விட்சர்லாந்தின் மலைக் கணவாய்களைக் கடந்து, இத்தாலியில் ஃபெராரி பிறந்த மொடேனாவில் முடிகிற பாதை இது. மொத்தம் சுமார் 1,250 கி.மீ. ஏழு நாள். கார் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இதில் ஒவ்வோர் ஊரும் ஒரு கோயில். உடன் வருகிற பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் அருவி, பனி, பாலம், பாஸ்தா எல்லாம் உண்டு.

எப்போது கிளம்பலாம்?

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஆல்ப்ஸின் உயரமான கணவாய்கள் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடிக் கிடக்கும். ஃபுர்கா, சுஸ்டென் போன்றவை பொதுவாக ஜூனில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும். ஸ்டெல்வியோ ஓரளவு முன்பின்னாக இருக்கும். திறக்கும் தேதியைப் பனிதான் முடிவு செய்கிறது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கிற மாதிரி நாம் தேதி குறித்துவிட்டால் பனி கேட்காது.

ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும். குறிப்பாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலியர்கள் குடும்பத்தோடு சாலைக்கு வந்துவிடுவார்கள். அதனால் ஜூன் கடைசி, அல்லது செப்டம்பரின் முதல் பாதி நல்லது. நம் பள்ளி விடுமுறை மே மாதத்தோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம். மே மாதம்தான் முடியும் என்றால் உயரக் கணவாய்களை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆண்டில் ஒரு நாள் ஸ்டெல்வியோ சாலையை சைக்கிள்காரர்களுக்கு மட்டும் ஒதுக்குகிறார்கள். அந்தத் தேதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணவாய்க்கும் ஒரு மாற்றுப் பாதையைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். ஜூலையில்கூட ஒரு ராத்திரி பனி பெய்து காலையில் சாலையை மூடுவது அங்கே அதிசயமில்லை.

நாள் 1: பெர்த்தா அம்மாவின் சாலை

மான்ஹைம் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உலகின் முதல் நீண்ட கார் பயணம் இங்கிருந்துதான் கிளம்பியது. ஓட்டியவர் ஒரு பெண்.

கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு 1886-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால், வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு காலை, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், யூகன், ரிச்சர்ட் என்ற இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 106 கி.மீ. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், துணிக் கறை போக்க விற்ற லிக்ராயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேட்டில் வண்டி திணறியபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பி அவர் சொன்ன குறைகளைக் கேட்டுத்தான், மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியரைச் சேர்த்தார் கார்ல்.

இன்று 'பெர்த்தா பென்ஸ் நினைவுச் சாலை' என்று போகவும் திரும்பவுமாக 194 கி.மீ. பாதைக்கு அறிவிப்புப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். நாம் போகிற வழியை மட்டும் பிடித்து, ஃபோர்ட்ஸ்ஹைம் வழியாக ஸ்டுட்கார்ட் சேர்ந்துவிடலாம். சின்னச் சின்ன ஊர்கள், தேவாலயக் கோபுரங்கள், திராட்சைத் தோட்டங்கள். இடப்பக்க ஸ்டீயரிங்குக்குக் கையும் கண்ணும் பழக, முதல் நாளுக்கு இதைவிட நல்ல சாலை அமையாது. ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய அன்றே ஓட்டக் கூடாது. ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்கிவிட்டு, மறுநாள் சாவியைக் கையில் எடுங்கள்.

ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் பென்ஸ், போர்ஷே என இரண்டு அருங்காட்சியகங்கள். மெர்சிடிஸில் லிஃப்டில் உச்சிக்குப் போய், சுற்றிச் சுற்றி இறங்கியபடியே காரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். உச்சியில் முதலில் நிற்பது கார் இல்லை, ஒரு குதிரை! இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. கிளம்பும் கிழமையை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

எத்தனை கார்? யார் முன்னால்?

பத்து கார் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போனால் படத்துக்கு அழகாக இருக்கும். சாலையில் அதுதான் ஆபத்து. முன்னால் போகிறவரை விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில் பின்னால் வருகிறவர் சிக்னலைத் தாண்டுவார், முந்தக் கூடாத இடத்தில் முந்துவார். அதனால் மூன்று மூன்று கார்களாகப் பிரித்து, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவிலும் நிதானமாக ஓட்டுகிறவர் முன்னால், வண்டியைப் பற்றி விவரம் தெரிந்தவர் கடைசியில்.

ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக வழிக்குறிப்பு இருந்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. இதற்கு ராலிக்காரர்கள் 'ரோடு புக்' என்பார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம். அடியில் ஒரு புள்ளி நீங்கள் நிற்கிற இடம், அம்பு நீங்கள் போக வேண்டிய திசை, பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கு. 1949-ல் தொடங்கிய நெதர்லாந்தின் துலிப் ராலியின் பெயரால் இவற்றை 'துலிப் படங்கள்' என்றே அழைக்கிறார்கள். மலைப் பள்ளத்தாக்கில் சிக்னல் போய் கூகுள் மேப் கைவிட்டாலும் இந்தக் காகிதம் கைவிடாது.

பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் வழிகாட்டி. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம் அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஏழு நாளும் செல்போனைத் தேட மாட்டாள்.

நாள் 2: வேகமும் விதியும்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆண்டர்மாட் சுமார் 320 கி.மீ. இந்தப் பயணத்தின் நீளமான நாள் இது. முதல் பாதி ஆட்டோபான். சில பகுதிகளில் வேக வரம்பே இல்லை என்பது உண்மை. ஆனாலும் 130 கி.மீ.க்குள் போகச் சொல்லி அரசு பரிந்துரைக்கிறது. இடத்தடம் முந்துவதற்கு மட்டும். முந்தியதும் வலத்தடத்துக்கு வந்துவிட வேண்டும். வலப்பக்கமாக முந்துவது குற்றம். எரிபொருள் தீர்ந்து ஆட்டோபானில் நின்றாலும் அபராதம் உண்டு, 'கவனித்திருக்க வேண்டியது உன் பொறுப்பு' என்று.

நெரிசலில் வண்டிகள் நிற்கத் தொடங்கியதும் ஒரு காட்சியைப் பார்ப்பீர்கள். இடத்தடத்தில் இருப்பவர்கள் இடது ஓரமாகவும், மற்றவர்கள் வலது ஓரமாகவும் ஒதுங்கி, நடுவில் ஒரு பாதை பிறக்கும். ஆம்புலன்ஸுக்கான வழி அது. சைரன் கேட்ட பிறகு ஒதுங்குவதில்லை, நெரிசல் தொடங்கும்போதே ஒதுங்க வேண்டும் என்பது சட்டம்.

வழியில் ரைன் அருவி வரும். 23 மீட்டர் உயரம்தான், ஆனால் 150 மீட்டர் அகலம். மதியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம். அசைவம் தவிர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்டுட்கார்ட் பகுதியின் ஸ்பெட்ஸ்லே சீஸோடு கிடைக்கும், ஆனால் மாவில் முட்டை இருக்கும். ஸ்விஸ் ரோஸ்டி உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி. இறைச்சி சேர்க்காமல் கேட்டு வாங்குங்கள்.

ஸ்விட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் ஓட 40 ஃபிராங்க் கொடுத்து 'வின்யெட்' வாங்க வேண்டும். ஒரு நாள் ஓட்டினாலும் ஆண்டு முழுவதற்குமான கட்டணம்தான். ஆன்லைனிலேயே வாங்கலாம். வேக வரம்பு நெடுஞ்சாலையில் 120, ஊருக்கு வெளியே 80, ஊருக்குள் 50. மிக அதிகமாக மீறினால் அங்கே அது அபராதத்தோடு முடியாது, சிறைவரை போகும். கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் ரேடார் செயலிகளை ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பயன்படுத்தக் கூடாது.

ஆண்டர்மாட்டுக்குச் சற்று முன்னால் பிசாசுப் பாலம். ஆழமான பள்ளத்தாக்கில் பாலம் கட்ட முடியாமல் தவித்த ஊர்க்காரர்கள், பிசாசிடம் உதவி கேட்டார்களாம். 'முதலில் பாலத்தைக் கடக்கிற உயிர் எனக்கு' என்றதாம் பிசாசு. கட்டி முடித்ததும் ஊர்க்காரர்கள் ஓர் ஆட்டைப் பாலத்தில் ஓட்டிவிட்டார்கள்! பாறையில் அந்தப் பிசாசின் சிவப்பு ஓவியம் இருக்கிறது. பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் வினா: 'பாறையில் யார் நிற்கிறார்?'

நாள் 3: மூன்று கணவாய், ஒரே வட்டம்

இன்று பெட்டி கட்ட வேண்டாம். ஆண்டர்மாட்டில் கிளம்பி, ஃபுர்கா (2,429 மீட்டர்), கிரிம்செல் (2,164), சுஸ்டென் (2,224) மூன்றையும் சுற்றிவிட்டு அதே அறைக்கு வந்துவிடலாம். மொத்தம் 120 கி.மீ. சொச்சம்தான். 'இவ்வளவு குறைவா?' என்று கேட்காதீர்கள். மலையில் கிலோமீட்டரை எண்ணக் கூடாது, மணி நேரத்தை எண்ண வேண்டும். நின்று, பார்த்து, படம் எடுத்து, காபி குடித்தால் பகல் முழுக்கப் போய்விடும்.

1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி 5 ஓடியது இந்த ஃபுர்கா சாலையில்தான். வளைவின் மடியில் பெல்வெதேர் என்ற பழைய ஹோட்டல், கதவு அடைத்து நிற்கிறது. ஒரு காலத்தில் அதன் ஜன்னல் அருகிலேயே இருந்த ரோன் பனிப்பாறை இப்போது வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. கோடையில் அதன் ஒரு பகுதிமேல் வெள்ளைத் துணி போர்த்தி, உருகுவதைத் தாமதப்படுத்தப் பார்க்கிறார்கள். எஞ்சின் சத்தத்தை ரசிக்க வந்தவர்களும் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள்.

மலைச் சாலைக்கு மூன்று பழக்கங்கள் போதும். ஒன்று, குறுகலான இடத்தில் எதிரெதிரே வந்தால் பொதுவாக இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இரண்டு, இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் குறைந்த கியரில் இறங்குங்கள். இல்லாவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மூன்று, மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து. நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்த சாலைகளில் அந்தப் பேருந்துக்கு முன்னுரிமை, அதன் ஓட்டுநர் சொல்வதை நீங்கள் கேட்டாக வேண்டும். அதன் ஹாரன் மூன்று ஸ்வரங்களில் ஒலிக்கும். ரோஸினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த ஸ்வரங்கள் அவை. குருட்டு வளைவுக்கு அப்பால் அந்த இசை கேட்டால் உடனே ஒதுங்கி நில்லுங்கள்.

நாள் 4: கிழக்கு நோக்கி

ஆண்டர்மாட்டிலிருந்து ஓபரால்ப் கணவாய், கூர், டாவோஸ், ஃப்ளூவெலா (2,383 மீட்டர்), ஓஃபென் வழியாக இத்தாலியின் பிராட்டோ. சுமார் 235 கி.மீ. இந்த ஒரு நாளில் ஜெர்மன், ரோமான்ஷ், இத்தாலியம் என்று மூன்று மொழிப் பலகைகளைப் பார்ப்பீர்கள். மாலையில் மாடுகள் கழுத்து மணியோடு சாலையைக் கடக்கும். ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். இந்த மலைக் கிராமங்களில் வசிப்பவர்களுக்குக் கோடை முழுவதும் எஞ்சின் இரைச்சல்தான் தலைவலி. ஊருக்குள் ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டுக் காட்டுகிற ஒருவர் போதும், அடுத்து வருகிற அத்தனை பேருக்கும் கெட்ட பெயர்.

எரிபொருளைப் பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். இத்தாலிக்குள் வந்ததும் ஒரு வார்த்தையை மறக்கக் கூடாது. 'காஸோலியோ' என்றால் டீசல். பெட்ரோலுக்கு 'பென்ஸினா'. 'கேஸ்' என்று காதில் விழுகிறதே என்று பெட்ரோல் காரில் காஸோலியோவை ஊற்றிவிட்டால் ராலி அங்கேயே முடிந்தது.

நாள் 5: ஸ்டெல்வியோ

இந்த ஒரு சாலைக்காகவே ஐரோப்பா போகிறவர்கள் உண்டு. ஆஸ்திரியப் பேரரசு ஆண்ட காலத்தில், கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் 1820-லிருந்து 1825-க்குள் கட்டி முடித்தது. குதிரை வண்டிக்காகப் போட்ட சாலை. முதலாம் உலகப் போரில் இந்தக் கணவாயே போர்முனையாக இருந்தது. உச்சி 2,757 மீட்டர். நம் ஊட்டியைவிட 500 மீட்டர் கூடுதல் உயரம். இதய, நுரையீரல் பிரச்னை உள்ள பெரியவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பிராட்டோவிலிருந்து ஏறினால் சுமார் 25 கி.மீ.க்குள் 1,800 மீட்டருக்கு மேல் ஏற்றம், 48 கொண்டை ஊசி வளைவுகள். கீழே 48-ல் தொடங்கும் எண், உச்சியில் 1 என்று முடியும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஓட்டியவர்களுக்கு 48 பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் இங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், வண்டி வலப்பக்கம். நம் கைகள் முப்பது வருடமாகப் பழகியதற்கு எல்லாமே தலைகீழ். வலப்பக்க வளைவுகள் சுருக்கென்று திரும்பும். அகலமாக எடுத்தால் எதிர்வரும் வண்டியின் தடத்துக்குள் போய் நிற்போம். கூடவே மூச்சு வாங்க ஏறுகிற சைக்கிள்காரர்கள், சாய்ந்து இறங்குகிற பைக்குகள்.

எனவே, காலை 7 மணிக்குள் அடிவாரத்திலிருந்து கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் ஏறத் தொடங்கிவிடும். வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு லேசான காலை உணவு போதும், முன்னால் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். 12 வயதுக்குட்பட்ட, 150 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், முன்பதிவிலேயே கேட்டுவிட வேண்டும். உச்சியில் சாப்பிட்டுவிட்டு, போர்மியோ பக்கம் இறங்கி, மாலைக்குள் பிரெஷா. மொத்தம் 215 கி.மீ. அளவுக்கு வரும்.

சாவி வாங்கும் முன்...

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நம் ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்க வேண்டும். அது ஓர் ஆண்டுக்குச் செல்லும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை. மூன்று நாடுகளுக்கும் அந்த ஒரே விசா போதும்.

வாடகைக் காரில் கவனிக்க வேண்டியவை: எந்தெந்த நாட்டுக்குள் போகலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலை உயர்ந்த மாடல்களை இத்தாலிக்குள் கொண்டு போகச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கணிசமான கூடுதல் கட்டணம் உண்டு. அது கட்டுப்படியாகாவிட்டால், மொடேனாவிலிருந்து நெடுஞ்சாலை வழியாக ஜெர்மனிக்குத் திரும்ப இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முன்பே சொல்லாவிட்டால் கிடைப்பது கடினம். டயர், கண்ணாடி, அடிப்பாகம் இவற்றின் சேதம் பல காப்பீடுகளில் வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. வாடகை ஒப்பந்தங்களிலும் காப்பீட்டிலும் 'பந்தயம், ராலி, நேரப் போட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற வரி பொதுவாக இருக்கும். நண்பர்களோடு சாதாரணமாகச் சுற்றுவது வேறு. வாடகைக் காரில் எண் ஒட்டி, யார் முதலில் வருகிறார் என்று நேரம் குறித்தால் காப்பீடு கைவிரித்துவிடலாம். ஜெர்மனியில் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 2017 முதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஓர் உயிர் போனால் பத்தாண்டு வரை தண்டனை.

இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் வெளியார் வண்டிகளுக்குத் தடை உண்டு. கேமரா படம் எடுக்கும், அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வரும். அதனால் மையத்துக்கு வெளியே, பார்க்கிங் வசதியுள்ள ஹோட்டலாகப் பாருங்கள். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேல்சட்டையும் காரில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். மூன்று நாடுகளிலும் அவசர எண் 112.

நாள் 6: பிரெஷாவும் ஒரு நெடுஞ்சாலை ஓரமும்

பிரெஷாவில் பழைய மடாலயம் ஒன்றில் இருக்கிறது 'மில்லே மில்யா' அருங்காட்சியகம். பெயரின் பொருள் ஆயிரம் மைல். பிரெஷாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் சுமார் 1,600 கி.மீ. பந்தயம், 1927-லிருந்து பொதுச் சாலையில் நடந்தது.

1955 மே 1-ம் தேதி, காலை 7.22 மணிக்கு, 722 என்ற எண் எழுதிய மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் காரில் ஸ்டர்லிங் மோஸ் கிளம்பினார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர், மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சுமார் 5 மீட்டர் நீளக் காகிதச் சுருள். பந்தயத்துக்கு முன்பே பாதையை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் அதில் எழுதி வைத்திருந்தார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால், சுருளை உருட்டியபடியே கைச்சைகையால் வழி சொன்னார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கி.மீ. அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

முறியடிக்க அவகாசமும் இல்லை. 1957 மே 12. பிரெஷா திரும்பச் சில பத்து கிலோமீட்டரே இருந்தபோது, குய்டிட்ஸோலோ என்ற ஊருக்கு அருகே, அல்ஃபோன்ஸோ தெ போர்த்தாகோ ஓட்டிவந்த ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் உடன் வந்த எட்மண்ட் நெல்சனும் இறந்தார்கள். சாலையோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மில்லே மில்யா பந்தயம் அதோடு நின்றது.

பிரெஷாவிலிருந்து மொடேனா போகும் வழியில்தான் குய்டிட்ஸோலோ இருக்கிறது. நேரான சாலை, இரு பக்கமும் வயல், ஓரத்தில் ஒரு நினைவுச் சின்னம். எல்லா கார்களையும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் அங்கே நிற்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் ஒரே கட்டாய நிறுத்தம். இது ஏதோ பழங்கதை என்று நினைக்க முடியாது. 2007-ல் கம்பால் 3000 என்ற பிரபலமான கார் ஊர்வலம் மாசிடோனியாவில் போய்க்கொண்டிருந்தபோது, அதில் வந்த ஒரு போர்ஷே மோதி, அந்த நாட்டைச் சேர்ந்த மூத்த தம்பதி இறந்துபோனார்கள். நிகழ்ச்சி பாதியிலேயே கைவிடப்பட்டது. அந்தத் தம்பதிக்கும் ராலிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தங்கள் ஊர்ச் சாலையில் தங்கள் காரில் போய்க்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மில்லே மில்யா 1977-ல் மறுபடி பிறந்தது, வேறு வடிவத்தில். இப்போது அந்தக் காலத்துக் கார்கள் மட்டும் வருகின்றன. வேகமாக வருபவருக்குப் பரிசு கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் கடக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் போகும். விநாடியின் நூறில் ஒரு பங்குவரை கணக்குப் பார்க்கிறார்கள்.

உங்கள் ராலியில் போட்டி இல்லாமல் சுவைக்காது என்றால், கடிகாரத்தை விட்டுவிட்டு வினாத்தாள் கொடுங்கள். 'ஸ்டெல்வியோவின் கடைசி வளைவில் என்ன எண்?', 'அஞ்சல் பேருந்தின் ஹாரனில் எத்தனை ஸ்வரம்?' என்று நாளுக்குப் பத்து கேள்வி. மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் விடை தெரியும்!

இரவுக்கு மாந்துவாவில் பூசணிக்காய் வைத்த பாஸ்தா பிரசித்தம். நின்று சாப்பிட்டுவிட்டு மொடேனா போய்ச் சேருங்கள். பிரெஷாவிலிருந்து 140 கி.மீ.

நாள் 7: மொடேனா

என்ஸோ ஃபெராரி 1898-ல் பிறந்த ஊர். அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இங்கேயும், ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவில் இன்னொன்றும் இருக்கின்றன. நடுவில் 20 கி.மீ. கூட இல்லை. லம்போர்கினியின் ஊரான சாந்தாகதாவும் பக்கம்தான். மரனெல்லோவில் நிமிடக் கணக்கில் ஃபெராரியை வாடகைக்கு ஓட்டக் கொடுக்கிறார்கள். ஆசை தீரக் கொஞ்ச நேரம் ஓட்டலாம். அதற்கு முன் சேதமானால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

அன்று மாலை எல்லா கார்களின் சாவிகளையும் ஒரே மேஜையில் வைத்து, வினாத்தாள்களைத் திருத்தி, பரிசு கொடுங்கள். மோஸ் பத்து மணி நேரத்தில் 1,600 கி.மீ. ஓட்டினார். நீங்கள் ஏழு நாளில் 1,250 கி.மீ. ஓட்டியிருப்பீர்கள். கிளம்பிய அத்தனை பேரும் அந்த மேஜையைச் சுற்றி இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் உங்கள் ராலி ஜெயித்துவிட்டது.